யாருக்கு எந்தத் தட்டு: 2016-இன் ராக் ஆல்பங்கள்

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே வேலைதான்: வீட்டில் யாருக்கு எந்தப் பாட்டை வாங்கித் தருவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது. சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னிடமிருந்து பாட்டுத்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு அங்குல எல்பி இசைத்தட்டை எந்தத் தாளில் சுற்றினாலும் அது பன்னிரண்டு அங்குல எல்பியாகத்தான் தெரியும், ஆக பிரிக்கும்போது ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. ஆச்சரியமெல்லாம் ஊசியை வைத்த பிறகுதான்.

எனக்கு ஒரு பழக்கம். ஏதாவது ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த வருஷத்து ராக் ஆல்பங்களை மட்டும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். திரும்பத் திரும்ப நான் போய் நிற்கும் வருஷம் 2016. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த வருஷத்து நல்ல ஆல்பங்களில் பாதி சாவைப் பற்றியவை. எல்லாரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில் அதை எப்படி ஒருத்தர் கையில் கொடுப்பது? கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சிலது பலித்தது, ஒன்று பலிக்கவில்லை.

முதலில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 'பிளாக்ஸ்டார்'. 2016 ஜனவரி 8 அன்று, அவருடைய 69-ஆவது பிறந்த நாளில் வெளிவந்தது. 10-ஆம் தேதி ஆள் போய்விட்டார். பதினெட்டு மாதமாகப் புற்றுநோயோடு இருந்ததை வெளியே மூச்சுவிடவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டபோது வினோதமான பாட்டாக இருந்தது, திங்கட்கிழமை கேட்டபோது உயிலாக மாறியிருந்தது. அந்த மூன்று நாளைக்குள் கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்த அனுபவம் அது, இனி யாருக்கும் கிடைக்காது.

ஆனால் செத்தவர் பாட்டு என்பதற்காக நான் இதைக் கொடுப்பதில்லை. வாசிப்புக்காகக் கொடுக்கிறேன். நியூயார்க்கில் ஒரு சின்ன கிளப்பில் தோனி மெக்காஸ்லின் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, அவரையும் அவர் கூட்டாளிகளையும் அப்படியே அழைத்துக்கொண்டார் போவி. எல்லாரும் ஜாஸ் ஆட்கள். அதனால் டிரம்ஸ் ராக் மாதிரி நேராக நடக்காது. மார்க் கில்யானாவின் கை ஓரமாக ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். தலைப்புப் பாட்டு பத்து நிமிஷத்துக்கு மூன்று விநாடி குறைவு. முதலில் அதைவிட நீளமாகத்தான் இருந்ததாம். பத்து நிமிஷத்தைத் தாண்டினால் ஐடியூன்ஸ் இணையக் கடையில் தனிப் பாட்டாக விற்க முடியாது என்று தெரிந்து வெட்டினார்கள். பாதி வழியில் அந்தக் குழம்பிய தாளம் கரைந்துபோய், எழுபதுகளின் போவி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து பாடுவார். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

இதைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் வடிவமைப்பு வேலை பார்க்கிறவன், பாட்டைவிட அட்டையைத்தான் முதலில் ஆராய்ந்தான். எல்பியின் அட்டையில் நட்சத்திர வடிவத்தை வெட்டி எடுத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டே அந்த நட்சத்திரமாகத் தெரியும். கீழே துண்டு துண்டாக ஐந்து நட்சத்திரக் கீற்றுகள். "அக்கா, இது டிசைன் இல்ல. போவின்னு எழுதியிருக்கு" என்றான். எழுத்தெழுத்தாக விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அட்டையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கறுப்புக்குள் நட்சத்திரக் கூட்டம் தெரியும் என்பதும் உண்மை. வடிவமைத்த ஜோனதன் பார்ன்புரூக் இந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லவில்லை, ரசிகர்கள் மாதக்கணக்கில் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு குறை: தட்டைத் திரும்ப உள்ளே வைக்கும்போது நட்சத்திரத்தின் முனைகள் மாட்டி மடங்குகின்றன. தம்பி இப்போது பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறான்.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. எல்பி வாங்குவதானால் விடுமுறைக்கு முந்தின வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். எனக்கு ஒருமுறை மூலை நசுங்கி, ஏதோ நாய் கடித்த மாதிரி வந்து சேர்ந்தது. மாற்றித் தரச் சொல்லி நான் எழுதி, அவர்கள் எழுதி, அதற்குள் விடுமுறையே முடிந்துவிட்டது. இன்னொன்று, பரிசைப் பெறப்போகிறவரிடம் பாட்டை எதில் கேட்பீர்கள் என்று நாசூக்காக விசாரித்துவிடுங்கள். சிடி கொடுத்தால் அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒரு கருவியும் இல்லை என்று நிற்பவர்கள் இப்போது நிறைய.

சித்தப்பா வீட்டில் அந்தக் கவலை இல்லை, அவரிடம் இரண்டு ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. அவர் கணக்குப்படி ராக் இசை 1972-இல் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தம். அவருக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ப்ளூ அண்ட் லோன்சம்' கொடுத்தேன். 2016 டிசம்பர் 2 அன்று வந்த ஆல்பம். அதற்கு முந்தின ஸ்டூடியோ ஆல்பம் 2005-இல் வந்தது என்றால் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் லண்டனில் புதுப் பாட்டு போடலாம் என்று கூடியிருக்கிறார்கள், சரிப்பட்டு வரவில்லை. கைக்குச் சூடேற்ற ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையில் ஒரு பழைய பாட்டை எடுத்தார்கள், அது பிடித்துக்கொண்டது. மூன்றே நாளில் பன்னிரண்டு பாட்டு. அத்தனையும் லிட்டில் வால்டர், ஹவ்லின் வுல்ஃப், ஜிம்மி ரீட் மாதிரியானவர்கள் பாடிப் பதிந்த பழைய ப்ளூஸ், பெரும்பாலும் சிகாகோ வகை. ஒன்றுகூட சொந்தச் சரக்கு இல்லை. பக்கத்து அறையில் தன் ஆல்பத்துக்காக வந்திருந்த எரிக் கிளாப்டன் எட்டிப்பார்த்துவிட்டு இரண்டு பாட்டில் கிட்டார் வாசித்துவிட்டுப் போனார்.

முதல் பாட்டு ஓடியபோது சித்தப்பா அட்டையைப் பார்க்காமலேயே, "இது அறுபத்தி நாலுல பண்ணினதா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. எழுபத்திரண்டு வயசுல பண்ணினது."

எழுந்து வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். பாடகர் மிக் ஜாகரின் குரலை விடுங்கள், அந்த ஹார்மோனிகாவைக் கேளுங்கள். இவ்வளவு நாள் இந்த மனுஷன் ஏன் இடுப்பை ஆட்டிக்கொண்டு இதை ஒளித்துவைத்தார் என்று தோன்றும். சார்லி வாட்ஸ் டிரம்ஸில் ஒரு அடிகூட அதிகமாகப் போடமாட்டார். அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஸ்டோன்ஸ் ஸ்டூடியோ ஆல்பம் இதுதான், 2021-இல் போய்விட்டார். ராக் பிடிக்காத பெரியவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். புதுமை வேண்டும் என்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள், ஒரு துளி புதுமை கிடையாது.

மாமனாருக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். அவருக்கு ஆங்கிலப் பாட்டில் வார்த்தை பிடிபடாது. கனடாப் பாடகர் லியோனர்ட் கோஹனின் 'யூ வான்ட் இட் டார்க்கர்' ஆல்பத்தைப் போட்டேன். இது ராக்கா என்று கேட்பீர்கள். தலைப்புப் பாட்டுக்குச் சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான (பெஸ்ட் ராக் பெர்ஃபார்மன்ஸ்) கிராமி விருது கிடைத்தது, என்னைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. அக்டோபர் 21-இல் ஆல்பம் வந்தது, நவம்பர் 7-இல், 82 வயதில், கோஹன் இறந்தார். முதலில் ஆண்களின் சேர்ந்திசை முணுமுணுப்பாக வரும். மான்ட்ரியலில் அவர் குடும்பம் தலைமுறையாகத் தொழுத யூதக் கூடத்தின் பாடகர்கள் அவர்கள். பிறகு அடியில் பேஸ் கிட்டார் மெதுவாக நடக்கத் தொடங்கும். அதற்கும் அடியிலிருந்து, கிணற்றுக்குள் கல் நகர்வதுபோல அந்தக் குரல். நடுவில் 'ஹினேனி' என்று ஒரு சொல் வரும். எபிரேய மொழியில் 'இதோ இருக்கிறேன்' என்று பொருள். நான் எதையும் விளக்கவில்லை. மூன்றாவது பாட்டு வரை கேட்டுவிட்டு மாமா, "இந்த ஆள் உட்கார்ந்துகிட்டுதானேம்மா பாடறார்?" என்றார்.

உட்கார்ந்துதான் பாடினார். முதுகெலும்பு நொறுங்கிப்போய் எழுந்து நிற்க முடியாத நிலையில், தன் வீட்டிலேயே, நோயாளிகளுக்கான நாற்காலியில் அமர்ந்து பாடியதை மகன் ஆடம் பதிவுசெய்தார். மாமாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கும் முதுகுவலி உண்டு, அதனாலாக இருக்கலாம். மொத்தம் ஒன்பது பாட்டு, நாற்பது நிமிஷம்கூட இல்லை. சாயங்காலம் தானே போட்டுக் கேட்கிறார்.

இனி பலிக்காதது. ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவின் 'ஸ்கெலிட்டன் ட்ரீ', செப்டம்பர் 9-இல் வந்தது. 2015 ஜூலையில் அவருடைய பதினைந்து வயது மகன் ஆர்தர் பாறைமுகட்டிலிருந்து விழுந்து இறந்தான். பாட்டுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே எழுதப்பட்டவை, ஆனாலும் ஆல்பம் முழுக்க அந்த இழப்புதான் மூச்சுவிடுகிறது. குரல் பல இடங்களில் சுருதியை விட்டு நழுவும், அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். 'டிஸ்டன்ட் ஸ்கை' பாட்டில் எல்சே டார்ப் என்ற டென்மார்க்காரப் பெண்மணி வந்து பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அட்டையும் வெறும் கறுப்பு, அதில் பச்சை எழுத்து.

தம்பியைப் பறிகொடுத்திருந்த ஒரு தோழிக்கு இதைக் கொடுத்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "தேங்க்ஸ்டி" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் இருந்தது, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிபடாமல். அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2016-இல் வந்ததிலேயே பெரிய ஆல்பம் இதுதான் என்று இன்றும் சொல்வேன். யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். தேவைப்படுகிறவர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

ரேடியோஹெட் குழுவின் 'எ மூன் ஷேப்டு பூல்' எனக்கு நானே வாங்கிக்கொண்டது. ஆகவே சுருக்கமாக: பதினொரு பாட்டும் ஆங்கில அகரவரிசையில் வருகின்றன. அப்படி வைத்ததில் கடைசியாக வந்து விழுவது 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. 1995 முதல் மேடையில் பாடி, ஸ்டூடியோவில் மட்டும் பிடிபடாமல் இருபது வருஷம் நழுவிக்கொண்டே இருந்த பாட்டு. அது வெறும் பியானோவோடு வந்து முடிகிறது. குழுவின் கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் எழுதிய வயலின் பகுதிகள் இருட்டில் ஹெட்போனில் கேட்பதற்கானவை. தனிமை விரும்பிகளுக்குக் கொடுக்கலாம், நாலு பேர் கூடிய வீட்டில் போட்டால் யாராவது ஒருவர் "வேற எதாவது போடேன்" என்பார், நிச்சயம்.

சாவு போதும் என்பவர்களுக்கு ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகா. அக்கா மகனுக்கு 'ஹார்ட்வயர்டு... டு செல்ஃப் டிஸ்ட்ரக்ட்' கொடுத்தேன். எட்டு வருஷ இடைவெளிக்குப் பின் வந்த ஆல்பம், பன்னிரண்டு பாட்டு, 77 நிமிஷம். ஒரே சிடியில் அடங்கக்கூடியதை இரண்டு சிடியாகப் போட்டிருக்கிறார்கள். முதல் சிடி அடி தூள். இரண்டாவதில் நடுவே கண்ணயரலாம், ஆனால் கடைசிப் பாட்டான 'ஸ்பிட் அவுட் தி போன்' வரும்போது எழுந்துவிட வேண்டும், இருபது வயசுப் பையன்கள் மாதிரி ஓடியிருக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாம்மெட்டின் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை. சேர்த்துவைத்திருந்த நூற்றுக்கணக்கான கிட்டார் துணுக்குகளைப் பதிந்திருந்த ஐபோன் 2014-இல் தொலைந்துபோனது, வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. இதைச் சொன்னதும் பையன், "சித்தி, நான் பேக்கப் எடுக்கறதில்லைன்னு குத்திக் காட்டத்தானே இதை வாங்கினே?" என்றான். கொஞ்சம் அதற்கும்தான்.

கல்லூரிக்குப் போகும் அவன் தங்கைக்கு கார் சீட் ஹெட்ரெஸ்ட் குழுவின் 'டீன்ஸ் ஆஃப் டினையல்'. வில் டொலிடோ என்ற பையன் ஆரம்பத்தில் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து தன் குரலைப் பதிவுசெய்தவன், குழுவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இந்த ஆல்பம் வந்தபோது வயது 23. ஒரு பாட்டில் 'தி கார்ஸ்' குழுவின் பழைய பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தான். அனுமதியில் கடைசி நேரத்தில் சிக்கல் வர, அச்சாகிக் கிடந்த எல்பி, சிடி அத்தனையையும் அழித்தார்கள். அவன் உட்கார்ந்து அந்தப் பாட்டை வேறாகச் செய்தான். எழுபது நிமிஷம் தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் ஆல்பம், நடுநடுவே சிரிப்பும் வரும். இவளுக்குப் பதினோரு நிமிஷப் பாட்டு ஒன்று மனப்பாடம். குளியலறையில் பாடத் தொடங்கினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அதே வருஷம் கிரீன் டே, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் இருவரும் ஆல்பம் போட்டார்கள். பழுதில்லை. கேட்டேன், மறந்தேன்.

இந்த வருஷம் ஒரு சிக்கல். என்னிடம் 'ப்ளூ அண்ட் லோன்சம்' சிடிதான் இருக்கிறது, எல்பியில் எப்படி ஒலிக்கிறது என்று ஆசையாக இருந்ததால் ஒரு வாரத்துக்குச் சித்தப்பாவிடம் இரவல் கேட்டேன். "கொடுத்ததைத் திரும்பக் கேக்கற வழக்கம் எப்போலேர்ந்து?" என்றார். "வேணும்னா இங்க வந்து கேட்டுக்கோ. ஊசியை நான்தான் வைப்பேன்."