யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு: என் செடித் தொட்டி அனுபவம்

நீர்ச்செடிகள் வளர்க்கும் இரண்டடி மீன் தொட்டிக்கு, செடிகள் செழிக்கக் காபனீரொட்சைட்டுக் காஸ் விடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்துதான். எங்கள் பக்கத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது என்பது கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீருக்குத்தான் இந்தக் காஸ் பெரிதும் உதவியது என்பது என் அனுபவம்.

காஸ் போதாதபோது வலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகள் தண்ணீரில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்பிலிருந்து காபனை எடுக்கும். அப்போது கல்சியம் காபனேற்று இலைமேல் வெள்ளையாகப் படியும். தடவினால் மண் ஒட்டியதுபோல நறநறக்கும். காஸ் விட்டபின் வந்த இலைகளில் அந்தப் படிவே இல்லை, நல்ல பச்சை.

தொடக்கத்தில் சீனியும் ஈஸ்டும் போட்ட போத்தல். செலவு குறைவு, ஆனால் எங்கள் வெக்கைக்கு முதல் நாட்களில் பொங்கி அடித்துவிட்டுச் சீக்கிரமே ஓய்ந்துவிடும். காஸ் ஏறி இறங்கும் தொட்டியில் பாசிதான் செழிக்கும். பிறகு சிற்றிக் அசிட்டும் அப்பச்சோடாவும், தலா 200 கிராம். இதை வால்வால் கட்டுப்படுத்தலாம். ஆனால் சோடா வந்த போத்தலையே பாவியுங்கள்; தண்ணீர்ப் போத்தல் அழுத்தம் தாங்காது.

இப்போது காஸ் சிலிண்டரும், கரண்டில் திறந்து மூடும் சொலனொயிட் வால்வும். விலை கூடத்தான், ஆனாலும் திரும்பிப் போகமாட்டேன். 2022 மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள்: விளக்கும் காற்றுப் பம்பும் நின்றாலும் ஈஸ்ட் போத்தல் நிற்காது, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். சொலனொயிட் கரண்ட் போனதும் தானாக மூடிக்கொள்ளும். டைமர் மட்டும் பற்றரி உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் நேரம் பிந்திவிடும். விளக்குக்கு ஒரு மணித்தியாலம் முன்பே காஸைத் திறந்து, விளக்கு அணைய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது மூடுகிறேன்.

அடுத்தது ட்ரொப் செக்கர், அதாவது தண்ணீரிலுள்ள காஸின் அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் வைக்கும் சிறு குமிழ். இதில் கவனம் தேவை. அதற்குள் ஊற்ற வேண்டியது காபனேற்றுக் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசல். அதில் பச்சை நிறம் வந்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் காஸ் என்று கொள்ளலாம். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் ஆபத்து. தொட்டித் தண்ணீரையே ஊற்றினால் கணக்கு பிழைத்துவிடும். கடினத்தன்மை 12 டிகிரி என்றால், பச்சை வரும்போதே காஸ் 90 மில்லிகிராமுக்குப் போயிருக்கும், மீன் தாங்காது. நிறம் மாறவும் ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்பதால் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகவே திறக்க வேண்டும்.

சரி, எல்லோருக்கும் இது தேவையா? நம் நாட்டுக்கே உரிய நீர்ச்செடிகளான கிரிப்டோகொரைன் வெண்ட்டியும் பெக்கெட்டியும் மட்டும் வளர்ப்பவர்களுக்குத் தேவையில்லை. அவை குறைந்த வெளிச்சத்திலும் மெதுவாக நன்றாக வரும். அந்தக் காசுக்கு வேருக்கு வைக்கும் பசளை வாங்குங்கள். சிவப்பு ரொட்டாலா போன்ற, காஸ் கூடுதலாகக் கேட்கும் செடிகளில் ஆசை என்றால் மட்டும் சிலிண்டருக்குப் போங்கள்.