கனடாவின் சனத்தொகைக் கடிகாரம்: ஒரு பயனரின் மதிப்பீடு

கனடியப் புள்ளிவிவரத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் இலவசமாக வழங்கும் சனத்தொகைக் கடிகாரம், நாட்டின் மொத்த மக்கள் எண்ணிக்கையைத் திரையில் ஓடிக்கொண்டேயிருக்கும் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. 2023 ஜூன் 16 அன்று அந்த எண் நான்கு கோடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு வாடகை உயர்வையும் குடும்ப மருத்துவர் தட்டுப்பாட்டையும் முன்வைத்துக் குடிவரவு குறித்து நடந்துவரும் விவாதத்தில், மேடைப் பேச்சுகளைவிட இந்தப் பக்கமே எனக்குத் தெளிவைத் தந்திருக்கிறது.

இதில் மிகவும் பயனுள்ளது மொத்த எண்ணைக் கூறுபடுத்திக் காட்டும் பகுதி. பிறப்பு, இறப்பு, குடிவரவு, நாட்டைவிட்டு வெளியேறுதல், மாகாணங்களுக்கிடையிலான இடப்பெயர்வு, நிரந்தரமற்ற வதிவாளர் என ஒவ்வொன்றும் மாகாணவாரியாகத் தனித்து நிற்கின்றன. இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு 2023ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டில் சனத்தொகை 3.2 சதவீதம் கூடியது. 1957க்குப் பிறகு அத்தகைய வேகம் இருந்ததில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் 4,71,771 பேர்தான். மாணவர், தற்காலிகத் தொழிலாளர், புகலிடம் கோருவோர் அடங்கிய நிரந்தரமற்ற வதிவாளரின் தொகையோ எட்டு இலட்சத்துக்கும் மேல் அதிகரித்தது. ஆயினும் வாதங்களில் பழி பெரும்பாலும் நிரந்தரக் குடிவரவாளர் மீதே விழுகிறது. இங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி நிரந்தர வதிவிடம் பெறும்போது ஒரு கூறில் ஒன்று கூடி மற்றொன்றில் ஒன்று குறைகிறது. நாட்டுக்குள் புதிதாக எவரும் வரவில்லை. இந்த எளிய கணக்கை அறியாமல் எண்களை வைத்து மோதிக்கொள்வது வருத்தமளிக்கிறது.

குறைகளும் உண்டு. இது நேரடிக் கணக்கெடுப்பன்று. அண்மைய மதிப்பீடுகளின் போக்கை வைத்து இயங்கும் மாதிரி. திணைக்களமே இதைக் கற்றலுக்கான கருவி என்றுதான் சொல்கிறது. ஆகவே கொள்கை திடீரெனத் திரும்பும் காலத்தில் இதை மட்டும் நம்ப முடியாது. 2024 ஒக்டோபரில் அரசு 2025க்கான நிரந்தரக் குடிவரவு இலக்கை ஐந்து இலட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தது. தற்காலிக வதிவாளரின் பங்கையும் மொத்த சனத்தொகையில் ஐந்து சதவீதத்துக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அதன் விளைவாக 2025இன் மூன்றாம் காலாண்டில் சனத்தொகை 0.2 சதவீதம் வீழ்ந்தது. இத்தகைய திருப்பங்களை அறியத் திணைக்களத்தின் காலாண்டு அறிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிரந்தரமற்ற வதிவாளரின் வரவையும் போக்கையும் கழித்து ஒரே நிகர எண்ணாகத் தருவது இன்னொரு குறை. படிப்பு முடித்துத் திரும்புவோர் எத்தனை பேர், அனுமதி நீடிப்புக்காகக் காத்திருப்போர் எத்தனை பேர் என்பதே இன்றைய விவாதத்தின் மையக் கேள்வியாக இருக்க, அதற்கான விடை இக்கடிகாரத்தில் இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளில் மட்டுமே பக்கம் இருப்பதால், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் குடிவரவு பற்றி நாள்தோறும் பேசும் நம் பெற்றோர் பலருக்குப் பிள்ளைகள்தான் அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.