மூன்று சிவப்பு அம்புக்குறியும் அப்பாவின் தூக்கமும்: ஒரு 'இதய ரிஸ்க்' ரிப்போர்ட்

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து 5 வாரம் ஆகியிருந்தது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடலாம் என்று, வீட்டுக்கே வந்து எடுக்கும் ஒரு லேபில் 'இதய ரிஸ்க்' பேக்கேஜ் புக் செய்தேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்தார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொன்னதும் ஊசி குத்திய இடத்தை ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், சாயங்காலமே ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. வினை அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

நியூட்ரோஃபில்-லிம்போசைட் (இரண்டும் வெள்ளை அணு வகைகள்) விகிதம் 3.4, பிளேட்லெட்-லிம்போசைட் (பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணு) விகிதம் 156, அப்புறம் எஸ்.ஐ.ஐ. என்று அழற்சியைக் காட்டும் குறியீடு ஒன்று, 952. மூன்றுக்கும் சிவப்பு அம்புக்குறி, கீழே 'மீண்டும் இதய பாதிப்பு வர அதிக வாய்ப்பு' என்று ஒற்றை வரி. அப்பா அதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவே இல்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாவது தனி டெஸ்டே இல்லை. சாதாரண சிபிசியில் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) இருக்கும் நியூட்ரோஃபில் 68 சதவீதத்தை லிம்போசைட் 20 சதவீதத்தால் வகுத்தால் 3.4, அவ்வளவுதான். எஸ்.ஐ.ஐ. என்பது அதே 3.4-ஐ பிளேட்லெட் எண்ணிக்கையால், ஆயிரக்கணக்கில் 280-ஆல், பெருக்கியது. மூன்றிலும் வகுக்கும் எண் லிம்போசைட்தான், அது கொஞ்சம் இறங்கினாலே மூன்றும் சேர்ந்து ஏறிவிடும். ஒரே மணியை மூன்று தடவை அடித்திருக்கிறார்கள்.

இந்த நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம் வெறும் கதை என்று சொல்ல வரவில்லை. மாரடைப்பில் இதயத்தசை சாகத் தொடங்கியதும் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் அங்கே குவிகின்றன, செத்த தசையை அப்புறப்படுத்துகிற வேகத்தில் பக்கத்தில் பிழைத்திருக்கும் தசையையும் கெடுக்கின்றன. அதே சமயம் உடம்பு படும் பாட்டில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி லிம்போசைட் குறைகிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேரும்போது இந்த விகிதம் ஏறியிருப்பவர்களிடம் இறப்பும் இதயச் செயலிழப்பும் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் கிரேஸ் ஸ்கோரில் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியேட்டினின் எல்லாம் உண்டு, இந்த விகிதம் கிடையாது.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். முதல் நாள் நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 10, அதாவது 8.4. அங்கிருந்து 3.4-க்கு இறங்கிய மனிதருக்குத்தான் சிவப்பு அம்பு! லேபுக்கு இது எப்படித் தெரியும், மாரடைப்பு என்றைக்கு வந்தது என்று படிவத்தில் கேட்கவே இல்லையே. காய்ச்சல் உண்டா, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா, அதுவும் இல்லை. அப்பாவுக்கு அந்த வாரம் நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தது, கிருமித்தொற்றிலும் நியூட்ரோஃபில் ஏறத்தான் செய்யும். போன் செய்து கேட்டால், விளக்கம் வேண்டுமானால் ஆலோசனைக்குத் தனியாகக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். சரி, வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கார்டியாலஜிஸ்ட் அந்தப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) போய்விட்டார். பிரஷர், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, அப்பாவிடம் அவர் கேட்டது இவ்வளவுதான். சளி தீர்ந்த பிறகு வேறொரு இடத்தில் வெறும் சிபிசி மட்டும் எடுத்தோம்: நியூட்ரோஃபில் 62, லிம்போசைட் 27, கிட்டத்தட்ட 2.3. அந்த ரிப்போர்ட்டில் அம்புக்குறியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, வகுத்தலை நானே போனில் போட்டு அப்பாவிடம் காட்டினேன்.

ரத்தம் எடுக்க மட்டும் என்றால் 5-க்கு 4 தருவேன். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு 1.