பழைய நகையைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

இலங்கை மலையகத்தின் அட்டனில் ஒரு நகைக்கடையில் என் அம்மாயியின் ஒற்றைத் தோட்டைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். திருகாணியின் மரை தேய்ந்து, நூல் சுற்றித்தான் அதைப் போட்டிருந்தார். திருகாணியை மட்டும் மாற்றித் தரக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போனபோது பளபளவென்று வேறொரு தோட்டை நீட்டினார்கள். "பழையது தேறாது, உருக்கிப் புதிதாகவே செய்துவிட்டோம். நிறுத்துப் பாருங்கள், குன்றிமணி அளவும் குறையாது" என்றார் கடைக்காரர்.

எடை சரியாகத்தான் இருந்தது.

இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர் யார் எந்த நாட்டுக்கு என்று இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தில், இந்தியா ஏற்பதாக எழுதிய 5,25,000 பேரில் அம்மாயியின் தங்கையும் ஒருவர். எழுபதுகளில் அட்டன் நிலையத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன 'அழுகைக் கோச்சி' ரயிலில் ஏறும்போது, காதிலிருந்த சோடியில் ஒன்றைக் கழற்றி அக்காளின் கையில் வைத்து மூடிவிட்டு, மற்றதோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறினார். நீலகிரியின் கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து பறித்து, அங்கேயே கண்ணை மூடினார். இருவரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அரிசிக்கு வழியில்லாத மாதங்களிலும் அந்தத் தோடு அடகுக்குப் போனதில்லை. "ஒற்றைத் தோடுதானே, தங்கச்சி" என்று அந்த மனிதர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தங்கம் உருகும், சரி. கல் எங்கே? பழைய சிவப்புக் கல்லின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று உண்டு. புதியதில் இருப்பது புள்ளியே இல்லாத கல். உடைந்துவிட்டது என்றார்கள், துண்டைக் காட்டவில்லை. பற்றுச்சீட்டில் "தோடு 1, 2 கிராம்" என்று மட்டுமே இருக்கிறது. வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

தயவுசெய்து, கொடுக்குமுன் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் நிறம், நெளிவு, கீறல் எல்லாவற்றையும் சீட்டில் எழுத வையுங்கள். "உருக்கக் கூடாது, இதே பொருளைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரிக்குக் கீழே கையொப்பம் வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் பட்டறையிலேயே உட்கார்ந்து கையோடு வாங்கி வாருங்கள். திருகாணி வேலைக்கு ஒரு வாரம் ஆகாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து நான் முறைப்பாடு செய்திருக்கிறேன்.

உருக்கியிருக்க மாட்டார்கள் என்றே என் மனம் சொல்கிறது. சிவப்புக் கல், ஓரத்தில் கறுப்புப் புள்ளி, தண்டில் நூல் சுற்றிய தடம். அட்டன், தலவாக்கலைப் பக்கம் எங்காவது அந்த ஒற்றைத் தோடு விலைக்கு வந்தால் சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுக்கிறோம். அம்மாயிக்கு இன்னும் சொல்லவில்லை. திருகாணி தயாராகிவிட்டதா என்று தினமும் கேட்கிறார்.