பித்தநாள வாயிலின் இறுக்கம்: நீர்க்குழாயால் அளப்பதா, சென்சாராலா?

பித்தமும் கணைய நீரும் குடலில் இறங்கும் இடத்தில் சின்னதாக ஒரு வளையத் தசை இருக்கிறது. 1887இல் ருஜெரோ ஒடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் விவரித்ததால் அதற்கு ‘ஒடி சுருக்குத்தசை’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு எதையோ முறிக்கச் சொல்வதுபோல் இருக்கும்! பித்தப்பையை எடுத்த பிறகும் வலது விலாவுக்குக் கீழே வலி விடாமல் வந்தால், இந்த வாயில் இறுகிக் கிடக்கிறதோ என்ற சந்தேகம் எழும். எண்டோஸ்கோப் வழியே மெல்லிய குழாயை விட்டு அழுத்தம் பார்ப்பார்கள். சுருங்காத நேரத்திலும் 40 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால் கோளாறு என்று கணக்கு.

பழைய முறை நீர்க்குழாய். சுமார் 1.7 மி.மீ. தடிமன், உள்ளே மூன்று துளை. ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 0.25 மி.லி. நீர் கசியும். தசை நெருக்கினால் நீர் வெளியேறத் திணறும். அந்தத் திணறல்தான் திரையில் கோடாக ஏறுகிறது. வம்பு வருவது கணைய நாளத்தில். குறுகலான நாளம், நீருக்குப் போக்கிடம் இல்லை, கணைய அழற்சி வந்துவிடும். நோயைத் தேடப் போய் இன்னொன்றை வாங்கி வந்த கதை. அதனால் ஒரு துளையை உறிஞ்சுவதற்கென்றே ஒதுக்கினார்கள். அபாயம் நன்றாகக் குறைந்தது, ஆனால் பதிவுக்கு இரண்டே துளை மிச்சம்.

சென்சார் குழாயில் இந்த நீர் விவகாரமே கிடையாது. நுனியருகே பதித்த நுண் உணரிகள் அழுத்தத்தை நேரடியாகச் சொல்லிவிடும். விலைதான் கூடுதல், கையாளவும் பதமாகக் கையாள வேண்டும். கணைய நாளத்துக்குள் போவதென்றால் என் ஓட்டு இதற்கே. பித்தநாளத்துக்கு மட்டும் என்றால் நீர்க்குழாயே போதும். எந்தக் குழாயானாலும், முன்னதாக மார்ஃபின் வகை ஊசி போட்டிருந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

குழாயே வேண்டாம் என்றால் ஐசோடோப் ஸ்கேன் இருக்கிறது. கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் பிடிப்பார்கள், எண்டோஸ்கோப் தேவையில்லை. பித்தம் மெதுவாக இறங்குவதைக் காட்டும். அழுத்தம் எவ்வளவு என்று சொல்லாது.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை நம்பி, இறுக்கம் தளரட்டும் என்று தசையை வெட்டலாமா? 2014இல் வெளியான எபிசாட் ஆய்வு இந்த இடத்தில்தான் குட்டையைக் கலக்கியது. ஸ்கேனிலும் ரத்தத்திலும் பெரிய குறை ஏதும் தெரியாமல் வலி மட்டும் இருந்த 214 பேர், அமெரிக்காவின் 7 மருத்துவமனைகள். வெட்டியவர்களில் 23 சதவீதத்தினருக்கும், வெட்டுவதாகப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது. யாருக்குக் குணமாகும் என்பதை அளந்த அழுத்தமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு, வெறும் வலிக்காக இந்தக் குழாயை விட்டு அளப்பது அடிபட்டுப் போனது. நாளம் வீங்கி, கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தால் அளக்காமலேயே வெட்டுகிறார்கள்.