ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு லாஜிக் அனலைசர்: யூஎஸ்பி வேலைக்கு ஆகுமா?

லாஜிக் அனலைசர் என்பது ஒயரில் ஓடும் 0, 1 சிக்னலைப் பதிவு செய்து லேப்டாப்பில் காட்டும் கருவி. இது கறுப்பு நிறத்தில் கைக்கு அடக்கமான டப்பா. எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே அச்சடித்திருக்கும். கம்பெனிப் பெயர் எதுவும் இருக்காது. ஆன்லைனிலும் கிடைக்கிறது, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கிறது, ஆயிரத்தைத் தாண்டாது. ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "யூஎஸ்பி டிவைஸ் எழுதறதுக்கு இது போதுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போதும். எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

உள்ளே இருப்பது சைப்ரஸின் எஃப்எக்ஸ்2எல்பி சிப். எடுத்த சாம்பிளை, அதாவது ஒயர் அந்தக் கணத்தில் 0-வா 1-ஆ என்ற அளவீட்டை, சேர்த்து வைக்க அதில் இடமில்லை, வந்ததை வந்தபடி லேப்டாப்புக்குத் தள்ளிவிடும். அதனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், லேப்டாப்பின் ரேம்தான் எல்லை. டப்பாவின் ஈஈப்ரோம் என்ற சின்ன மெமரியில் வேறொரு கம்பெனியின் அடையாள எண்ணைப் போட்டு விற்கிறார்கள். அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரை இதற்கு ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை. சிக்ராக் என்ற திறந்த மென்பொருள் குழுவின் பல்ஸ்வியூ சாஃப்ட்வேர் இலவசம், இந்தச் சிப்புக்கென்றே அவர்கள் எழுதிய ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) இருக்கிறது. உபுண்டுவில் பேக்கேஜாகவே வரும். விண்டோஸ் என்றால் ஸாடிக் என்ற கருவியை வைத்து டிரைவரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பி என்பது நொடிக்கு 12 மெகாபிட். 24 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் ஒரு பிட்டுக்கு இரண்டே சாம்பிள். லோ ஸ்பீடு 1.5 மெகாபிட், அங்கே பிட்டுக்கு 16 சாம்பிள் கிடைக்கிறது, படம் கண்ணாடி மாதிரி தெளிவாக விழும். 480 மெகாபிட் ஹை ஸ்பீடுக்கு இதைத் தொடவே வேண்டாம். ஃபுல் ஸ்பீடில் என் அனுபவம்: டோக்கன் (கம்ப்யூட்டர் டிவைஸைக் கூப்பிடுவது), ஏக்நாலெட்ஜ் (வந்து சேர்ந்தது என்ற பதில்), எட்டு பைட் செட்டப் (கட்டளை) மாதிரி குட்டி பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது, 64 பைட் டேட்டா வந்தால் நடுவே எங்காவது ஒரு பிட் வழுக்கி, சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் எண்) தப்பு என்று சிவப்பில் காட்டும். அதை நம்பி ஃபர்ம்வேரில் கை வைத்தால் வீண் அலைச்சல். தப்பு டப்பாவுடையது.

குட்டி பாக்கெட் தெரிந்தால் மட்டும் என்ன லாபம் என்று கேட்கலாம். போன மாங்காய் சீசனில் பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். டிரம் எடை போடும் பிளாட்பார்ம் ஸ்கேலின் இண்டிகேட்டர் (எடை காட்டும் பெட்டி), பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக வேலை செய்கிறது. புதிதாக வாங்கிய மினி பிசியில் செருகினால் கண்டுகொள்ளவே இல்லை. வெளியே தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. "ஏம்மா, தராசு நல்லாத்தான் கீது, இந்தப் புதுப் பொட்டிதான் மக்கர் பண்ணுது" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். ஸ்கேல் விற்றவர்களும் அதையேதான் போனில் சொன்னார்கள்.

மினி பிசியில் லினக்ஸ். டிமெசேஜில், அதாவது கர்னல் லாக்கில், 'டிவைஸ் நாட் ரெஸ்பாண்டிங் டு செட்டப் அட்ரஸ்', பிறகு எரர் -71. இந்த இடத்தில் கம்ப்யூட்டருக்குள்ளேயே யூஎஸ்பி போக்குவரத்தைப் பார்க்கும் யூஎஸ்பிமானும் வயர்ஷார்க்கும் கைகொடுக்காது. எக்ஸ்எச்சிஐ என்ற வகை யூஎஸ்பி கன்ட்ரோலர் இருக்கும் கம்ப்யூட்டரில் அட்ரஸ் கொடுக்கும் வேலையைக் கன்ட்ரோலரே செய்துவிடுகிறது, கர்னல் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. (லாக்கில் லினக்ஸ் காட்டும் எண்ணும் ஒயரில் போகும் அட்ரஸும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இதனால்தான்.) ஒயரையே பார்த்தால்தான் உண்டு.

ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளை நடுவில் சீவி, பச்சை, வெள்ளை, கறுப்பு ஒயர்களில் மட்டும் சின்னதாக மூன்று துண்டு சால்டர் செய்து வைத்திருக்கிறேன். பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ், இந்த இரண்டில்தான் டேட்டா ஓடும்; கறுப்பு கிரவுண்ட். டப்பாவோடு வரும் நீள ஒயரை நேரே மாட்டினால் சிக்னலே கெட்டுவிடும். பதிவு செய்து, சிக்னலைப் பாக்கெட்டாகப் படித்துக் காட்டும் டிகோடரைப் போட்டேன். முதலில் 80 06 00 01 00 00 40 00, அதாவது டிஸ்கிரிப்டர் (நீ யார் என்ற விவரம்) கேட்கும் செட்டப். பதில் வந்தது. அடுத்து 00 05 03 00 00 00 00 00, இனி உன் அட்ரஸ் 3 என்று ஹோஸ்ட், அதாவது மினி பிசி, சொல்கிறது. ஸ்கேல் ஏக்நாலெட்ஜ் கொடுத்தது. அப்புறம் ஹோஸ்ட், அட்ரஸ் 0-க்கு ஒரு இன் டோக்கன் (பதில் அனுப்பு என்ற அழைப்பு) அனுப்புகிறது. பதில் இல்லை. மறுபடி இன். பதில் இல்லை. மூன்றாவதும் அப்படியே.

வழக்கு அங்கேயே முடிந்தது. யூஎஸ்பி விதிப்படி ஸ்டேட்டஸ் கட்டம், அதாவது அந்த இன் டோக்கனுக்குப் பதில் போய்க் கட்டளை முடியும் கட்டம், முடியும்வரை டிவைஸ் பழைய அட்ரஸ் 0-இல்தான் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் புது அட்ரஸுக்கு மாற வேண்டும். ஸ்கேலின் ஃபர்ம்வேரோ ஸ்டேட்டஸ் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல், கொஞ்சம் டிலே மட்டும் போட்டுவிட்டு அட்ரஸை மாற்றிக்கொண்டிருந்தது. பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்து பார்த்தேன்: அந்த டிலேக்குள்ளேயே இன் டோக்கன் வந்துவிடுகிறது, ஸ்கேலும் தப்பித்துவிடுகிறது. புதுப் பெட்டி அடுத்த ஃப்ரேமில், கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் கழித்துத்தான் கேட்கிறது. அதற்குள் ஸ்கேல் வீடு மாறிவிட்டது. ஸ்கேலின் உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர். அதில் அட்ரஸ் ரெஜிஸ்டரை ஸ்டேட்டஸ் இன் முடிந்த இன்டரப்ட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் திருத்தம். இரண்டு பதிவையும் அனுப்பிய பிறகு ஸ்கேல் விற்றவர்கள் மறுபேச்சு பேசாமல் புது ஃபர்ம்வேர் கொடுத்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன. கூட வரும் மினி யூஎஸ்பி கேபிள் தண்டம். ஆட்டினால் தொடர்பு அறும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். 24 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 24 மெகாபைட் ஓடுகிறது. சோதிக்கும் டிவைஸையும் இதையும் ஒரே ஹப்பில் செருகினால் பதிவு பாதியில் நின்றுவிடும். ப்ரௌசரில் வீடியோ ஓடினாலும் அதே கதை. வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை, அடுத்த படி 16 மெகாஹெர்ட்ஸ், ஃபுல் ஸ்பீடுக்கு அது பத்தாது. டி பிளஸ், டி மைனஸ் மாறிப்போனால் டிகோடர் எரர் காட்டாமல் ஏதேதோ உளறும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

யூஎஸ்பி இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் இதோடு ஒரு ஏடிடைனி85 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி, யூஎஸ்பியை மென்பொருளிலேயே செய்யும் வி-யூஎஸ்பி ஓட்டுங்கள். அது லோ ஸ்பீடு, ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியும். ஆறு ஒன்று தொடர்ந்து வந்தால் ஏழாவதாக ஒரு பூஜ்யம் செருகுவார்களே, அதையும் விரல் வைத்து எண்ணலாம். மாஸ் ஸ்டோரேஜ், ஆடியோ என்று பெரிய டேட்டா ஓடும் டிவைஸ் எழுதுகிறவர்கள் காசு சேர்த்து அசல் யூஎஸ்பி அனலைசரே வாங்குங்கள். சிந்தியான் மாதிரி திறந்த வடிவமைப்பில் வருவது ஹை ஸ்பீடும் பார்க்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மார்க் போனது அந்தக் கேபிளுக்கு.