டபிள்யூவா, எஃப்பா? பாதியில் விட்ட ஒரு பாடத்தின் கணக்கு

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாவது மிட்டெர்ம் (பருவத்தின் நடுவில் வைக்கும் தேர்வு) தாள் கைக்கு வந்தபோது மேலே 41 என்று போட்டிருந்தது. நூற்றுக்குத்தான். முதல் மிட்டெர்மில் 52. பாடத்திலிருந்து வித்ட்ரா செய்ய இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்று ராத்திரி அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, விலகுவதென்று முடிவெடுத்தேன். அதனால் இதில் நான் நடுநிலையான ஆள் இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் ஓரிரு வாரத்துக்குள் ஒரு பாடத்தை டிராப் செய்தால் சுவடே இருக்காது. அப்புறம் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரியின் மதிப்பெண் பதிவில், 'டபிள்யூ' விழும். ஆனால் நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரியான ஜிபிஏவில் அது சேராது. பல இடங்களில் இதற்கான கெடு ஒன்பது பத்து வாரம் வரை நீளும். அதையும் தாண்டினால் வாங்குவதுதான் கிரேடு. விலகினால் கட்டிய கட்டணம் போகும், பட்டம் தள்ளிப்போகலாம். இதெல்லாம் தெரிந்ததுதான்.

கிரேடு இல்லாமல் தேறினோமா இல்லையா என்று மட்டும் போடும் பாஸ்/ஃபெயிலுக்கு மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. பிரவுன் மாதிரி தேறாத பாடத்தை டிரான்ஸ்கிரிப்டிலேயே காட்டாத பல்கலைக்கழகத்தில் படித்தால் இந்தக் கவலையே பாதி குறைந்துவிடும். ஆனால் பல கல்லூரிகளில் பாஸ் ஆனால்தான் ஜிபிஏவில் சேராது. ஃபெயில் ஆனால் பூஜ்யமாகச் சேர்ந்துவிடும். மெயின் பாடங்களுக்கு இந்த வசதியும் பெரும்பாலும் கிடையாது. எனக்கும் கிடையாது.

சரி, தாளின் பின்பக்கத்துக்கு வருவோம். ஒரு பாடத்தின் எடைதான் கிரெடிட். கிரேடில் 'ஏ'க்கு 4 புள்ளி, 'பி பிளஸ்' என்றால் 3.3, 'டி' என்றால் 1, தோல்வியைக் குறிக்கும் 'எஃப்' என்றால் பூஜ்யம். அதைக் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். அப்போது என் கையில் 60 கிரெடிட், ஜிபிஏ 3.4. அதாவது 204 புள்ளி. இந்தப் பாடம் 4 கிரெடிட். மற்ற பாடங்களை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் பார்த்தால், 'டி' வாங்கினால் 208ஐ 64ஆல் வகுக்க வேண்டும்: 3.25. 'எஃப்' என்றால் 3.19. டபிள்யூ என்றால் 3.4 அப்படியே நிற்கும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் தங்கியே இருப்பேன். எஃப் வந்தால் என்ன, திரும்ப எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்ப எடுத்த பாடத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று விதிப்புத்தகத்தில் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. சில கல்லூரிகள் பழைய கிரேடை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும். சில கல்லூரிகள் இரண்டையும் வைத்துச் சராசரி எடுக்கும். என் கல்லூரி இரண்டாவது ரகம்.

எஃப் வாங்கி, மறுபடி எடுத்து 'பி பிளஸ்' வாங்குகிறேன் என்று வையுங்கள். 13.2 புள்ளி கூடும், ஆனால் வகுக்கும் எண்ணும் 68 ஆகிவிடும். 217.2ஐ 68ஆல் வகுத்தால் மறுபடியும் 3.19. ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்தும் இரண்டு தசமம் வரை எண் அசையவில்லை! அங்கிருந்து பழைய 3.4க்கு ஏற, அதற்கு மேல் ஏறத்தாழ 24 கிரெடிட்டுக்கு 'ஏ' தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. ஒன்றரை செமஸ்டர். அதுவே டபிள்யூ போட்டு, பிறகு அதே பி பிளஸ் வாங்கினால் 3.39.

கல்லூரி பழையதை அழித்துவிட்டாலும் எல்லா இடத்திலும் அது அழிவதில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் ஏஎம்சிஏஎஸ் எத்தனை தடவை எடுத்தீர்களோ அத்தனை கிரேடையும் சேர்த்தே தன் ஜிபிஏவைப் போடுகிறது. எம்டிக்குப் பதில் டிஓ என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான ஏஏசிஓஎம்ஏஎஸ் கடைசியாக வாங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. 2017இல் அதுவும் மாறிவிட்டது. டபிள்யூவை ஏஎம்சிஏஎஸ் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. மருத்துவம் பற்றி அரைமனதாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், இருந்தும் இதைப் படித்தபின் கை தானாக விலகல் படிவத்துக்குப் போனது.

இன்னொன்றும் உண்டு, அது தங்குகிறவர்கள் தலையில் விடிவது. வகுப்பில் இத்தனை சதவீதத்துக்குத்தான் ஏ என்று வைத்திருந்தால், ஆட்கள் விலக விலக மேலே இடம் குறையும். பிரின்ஸ்டனில் 2004 முதல் 2014 வரை ஏ ரக கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கொள்கை இருந்தது. துறை அளவில் வைத்த வரம்பு அது. அதையே ஒரு வகுப்புக்குப் பொருத்திப் பாருங்கள்: 80 பேர் இருந்தால் 28 ஏ. கெடு நாளுக்குள் கீழே இருந்த 15 பேர் விலகினால் 22தான். 28ஆவது இடத்தில் இருந்தவர் ஒரு மார்க்கும் குறையாமலே ஏவை இழந்துவிடுவார். வகுப்புச் சராசரி மட்டும் அழகாக ஏறியிருக்கும், யாரும் புதிதாக எதையும் கற்காமலே. எங்கள் வகுப்பில் இப்படி வரம்பு கிடையாது, அதனால் இது எவ்வளவு கடிக்கும் என்று சொந்த அனுபவத்தில் சொல்ல முடியாது.

விலகுவதற்கும் வரம்பு உண்டு. எனக்கு அந்த செமஸ்டரில் 16 கிரெடிட் இருந்ததால் 12இல் நின்றேன். 15 எடுத்திருந்தால் 11க்கு இறங்கி முழுநேர மாணவர் என்ற தகுதியே போயிருக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்காமல் இதைச் செய்யவே கூடாது. அரசு நிதியுதவிக்கு, எடுத்த கிரெடிட்டில் இத்தனை பங்கை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் 67 சதவீதம். டபிள்யூ அங்கே எடுத்த கணக்கில் வரும், முடித்த கணக்கில் வராது. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முழுவதற்கும் ஆறு விலகல்தான். நான் வாங்கியது ஒரே ஒரு டபிள்யூ. மூன்று நான்கு சேர்ந்தால் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பது வேறு கதை.

மிச்சமான நேரத்தில் மற்ற இரண்டு பாடங்கள் பி பிளஸ்ஸிலிருந்து 'ஏ மைனஸ்' ஆயின. விலகியதால்தானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

தங்குவதற்கும் நியாயம் உண்டு. என் பக்கத்து இருக்கை நண்பன் அதே தேர்வில் 44. அவன் போகவில்லை. இறுதித் தேர்வுக்குப் பாதி மார்க் என்பதைப் பிடித்துக்கொண்டு கிடையாய்க் கிடந்து படித்து 'சி பிளஸ்' வாங்கிவிட்டான். பாடம் முழுக்கப் புரியாமல் குழம்புகிறவர் போகலாம், வேலைப்பளுவில் சறுக்கியவர் இருந்து பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் முதல் ரகம். அவன் ஜனவரியிலேயே இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டான். எனக்கு முதல் பாகம் மறுபடி கிடைக்க அடுத்த இலையுதிர் பருவம் ஆனது. நான் அதில் பி பிளஸ் வாங்கியது, ஓரமெல்லாம் காப்பிக் கறை படிந்த அவனுடைய நோட்டை வைத்துத்தான்.